1980க்குப் போய்த் திரும்பிய எங்கள் கடை 486

அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு 1995இல் வாங்கிய, 486 என்ற பழைய செயலி கொண்ட கணினி இது. டாஸ் என்ற பழைய இயங்குதளம், கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதிய பில்லிங் நிரல், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இன்னும் ஓடுகிறது. ஓட வைக்க என்ன பாடுபட்டோம் என்பதுதான் விஷயம்.

2000 ஜனவரி 1, சனிக்கிழமை. கடையைத் திறந்து சுவிட்சைப் போட்டால் திரையில் 01-04-1980. கணக்குப்பிள்ளை அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, ஏப்ரல் ஒண்ணுங்குது. புதுக் கணக்குப் போடணுமா?" என்றார். பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்று இருந்தது, அது அந்த ஏப்ரல் ஒன்றின் கிழமை அல்ல. அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் வரும், ஆக அது ஜனவரி 4. கடிகாரச் சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் 99இலிருந்து 00 ஆக்கிவிட்டது. நூற்றாண்டு தனி இடத்தில் 19 என்றே கிடந்தது. 1900 என்றால் டாஸுக்குப் புரியாது, அதன் காலண்டரே 1980இல்தான் தொடங்குகிறது. டேட் கட்டளையில் சரியான தேதியை அடித்து, அணைத்துப் போட்டோம். தேதி அப்படியே நிலைத்துவிட்டது. எல்லாக் கணினியிலும் இப்படி நிலைக்காது, எங்களுக்கு அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. டிசம்பர் 28 அன்று கடனுக்குச் சரக்கு எடுத்தவர் ஜனவரி 5 அன்று பணம் கட்டினார். தேதியை 05/01/00 என்று அடித்ததும் நிரல் அதை 1900 என்று எடுத்துக்கொண்டது. நாட்கள்: -36516. "நாமதான் அவருக்கு வட்டி தரணும்னு சொல்லுது" என்றார் அண்ணன்.

நிரல் எழுதியவர் ஊரை விட்டுப் போயிருந்தார். நல்லவேளை, நிரலின் மூல வரிகள் உள்ள பிஆர்ஜி கோப்புகளை ஒரு ஃபிளாப்பியில் விட்டுச் சென்றிருந்தார். கிளிப்பர் தெரிந்த நண்பன் சேர்த்தது ஒரே வரி: செட் எபோக் டூ 1980. அதாவது 80 முதல் 99 வரை அடித்தால் 1900கள், 00 முதல் 79 வரை என்றால் 2000கள். எங்களிடம் 1980க்கு முந்தைய பில்லே இல்லாததால் அது போதும். பிப்ரவரி 29 சத்தமில்லாமல் கடந்தது. லீப் ஆண்டா என்று அறிய, சில்லு ஆண்டு நான்கால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் ரகம், 2000த்துக்கு அது சரியாகவே வந்தது.

அதற்குப் பிறகு தேதியைக் கெடுத்தது பேட்டரிதான். மதர்போர்டில் பற்றவைத்திருந்த நீலப் பேட்டரி பச்சையாகக் கசிந்து பக்கத்துக் கம்பித் தடங்களை அரிக்கத் தொடங்கியிருந்தது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் இன்றே மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதை வெட்டி எடுத்துவிட்டு வெளியிலிருந்து செல் கொடுத்தோம். கணினி தொடங்கியதும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் டேட், டைம் இரண்டையும் சேர்த்துவிட்டதால் ஒவ்வொரு முறையும் தேதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். எரிச்சல்தான், ஆனால் செல் தீர்ந்தது அன்றைக்கே தெரிந்துவிடும். ஹார்டு டிஸ்க் போனதும் அதன் இடத்தில் 512 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டு. அதைவிடப் பெரியதை இந்த பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல்) முழுதாகப் பார்க்காது.

2007இல் வாட் வரி வந்தபோது அதே நிரலைத் திருத்திச் சமாளித்தோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் பில் போடும் வேலை புதுக் கணினிக்குப் போனது. இப்போது பழைய கணக்குப் பார்க்க மட்டும்தான் இது.

வேடிக்கை என்னவென்றால், நான் வைத்திருக்கும் 32 பிட் லினக்ஸ் நெட்புக்குக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07 வரைதான் கணக்குத் தெரியும், நொடிகளை எண்ணும் 32 பிட் இடம் அதோடு நிரம்பிவிடும். 486க்கு அந்தக் கவலை இல்லை. இதன் அடுத்த கண்டம் 2080இல், 80 என்று அடித்தால் 1980 என்று எடுத்துக்கொள்ளும்போது. எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எழுதி, கேபினெட்டின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.