முகூர்த்தக் காலையில் மணப்பெண் அறைக்கு என்ன டிபன்? பொடி இட்லியா, இடியாப்பமா, பொங்கலா, சாண்ட்விச்சா?

ஏழரை–ஒன்பது முகூர்த்தம் என்றால் மணப்பெண் அறையில் மூன்று மணிக்கே விளக்கு எரியும். மூன்றரைக்கு மேக்கப் போடுபவர் பெட்டியைத் திறப்பார். முகம், கொண்டை அல்லது ஜடை, பூ எல்லாம் முடிய ஐந்து மணி. பிறகு புடவை, நகை. ஆறரைக்கு மாலை மாற்றவோ ஊஞ்சலுக்கோ கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். தாலி ஏறி, சடங்கு முடிந்து, வரிசையில் நிற்கிறவர்களுடன் போட்டோ எடுத்து, இலையில் உட்கார பத்தரை பதினொன்று ஆகும். அதுவரை தாங்க வேண்டியது ஐந்து மணிக்கு உள்ளே போன சாப்பாடுதான்.

“டிபன் கீழே ரெடியா இருக்கு, வந்து சாப்பிட்டுக்கோம்மா” என்று பெரியப்பா சொல்வது மாப்பிள்ளை அறைக்குச் சரி. ஜடையில் கால் கிலோ பூவும் இடுப்பில் ஒட்டியாணமும் இருக்கிற பெண் பந்திக்கு இறங்கி வர முடியாது. கூடவே இருக்கும் அக்கா, அத்தை மகள், தோழிகளும் அவளை விட்டு நகர மாட்டார்கள். ஆக, மேலே அறைக்குத் தனியாக டிபன் போக வேண்டும். அது என்ன டிபன் என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

முதலில் சமையற்கட்டின் நேரத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். பெரும்பாலான மண்டபங்களில் நாலு மணிக்கு அடுப்பில் முதலில் ஏறுவது பால். காபி தயாரான பிறகே இட்லிக் கொப்பரை, பொங்கல் அண்டா. ஆறு, ஆறரைப் பந்திக்குத் தயாராகிற கணக்கு அது. வெளியே ஓட்டல் பார்சல் என்று நம்பினால், ஆறு மணிக்கு முன் திறந்திருக்கும் ஓட்டல் கிடைப்பது ஊரைப் பொறுத்தது. ஆகவே ஐந்து மணிக்குள் கையில் கிடைக்கக் கூடியவை இவைதான்: முதல் நாள் இரவே சொல்லிவைத்த முதல் ஈடு இட்லி, சொல்லிவைத்த இடியாப்பம், முந்தின சாயங்காலம் வாங்கி வைத்த ரொட்டி, பழம். பொங்கல் இந்தப் பந்தயத்தில் தாமதமாகத்தான் வந்து சேரும்.

பொடி இட்லி

நான்கில் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. ஆனால் பந்தியில் போடுகிற மாதிரி எண்ணெய் மினுமினுக்க அனுப்பினால் இதைவிட மோசமான தேர்வு வேறில்லை. பட்டில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விழுந்தால் அந்த இடம் கருத்து, போட்டோவில் தனியாகத் தெரியும்.

வழக்கமாக ஒரு இட்லிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போவதை இங்கே பாதியாக்குங்கள். 30 இட்லிக்கு 75 மில்லி நல்லெண்ணெய், ஏறத்தாழ 100 கிராம் பொடி. குட்டி இட்லித் தட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண இட்லியை நான்காக நறுக்கலாம். கொப்பரையிலிருந்து எடுத்ததும் நறுக்கினால் கத்தியில் ஒட்டிப் பிய்ந்து உப்புமாவாகிவிடும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, கத்தியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு நறுக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பொடியும் எண்ணெயும் சேர்த்துக் குலுக்கி, பத்து நிமிடம் விட்டால் இட்லி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். துண்டைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டலாம், எண்ணெய் வழியக் கூடாது. அதுதான் பதம்.

பொடியிலும் கவனம் வேண்டும். கொரகொரப்பாக அரைத்த பொடியில் எள்ளும் பருப்புத் துகளும் பல்லிடுக்கில் போய் உட்காரும். சிரிக்கிற ஒவ்வொரு படத்திலும் அது இருக்கும். நைசாக அரைத்தது, காரம் குறைந்தது, பூண்டு இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். பூண்டு சில வீடுகளில் முகூர்த்தத்தன்று ஆகாது. ஆகும் வீட்டிலும் வாடை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

குச்சியில் குத்தி, உதட்டில் படாமல் ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம். சட்னி வேண்டாம், சாம்பார் வேண்டவே வேண்டாம். ஹாட்பாக்ஸில் மூன்று மணி நேரம் மிருதுவாக இருக்கும். ஒரே சங்கடம், தண்ணீர் தவிக்கும். காரம் கூடினால் இன்னும் அதிகமாகத் தவிக்கும்.

இடியாப்பம், சந்தகை

கறையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. வெள்ளை இடியாப்பம், தேங்காய்த் துருவல், சர்க்கரை. புடவையில் உதிர்ந்தால் தட்டிவிட்டால் போதும். வயிற்றில் கனம் இல்லை, எண்ணெய் இல்லை, வாடை இல்லை. புளித்த மாவு ஒத்துக்கொள்ளாத, பதற்றத்தில் குமட்டுகிற பெண்ணுக்கு இட்லியைவிட இதுவே நல்லது.

தொல்லை என்னவென்றால் ஆறினால் நூல் விறைத்து உதிர ஆரம்பிக்கும். மேக்கப் கால் மணி இழுத்தால்கூட வித்தியாசம் தெரியும். ஈரத்துணி போட்டு மூடிய ஹாட்பாக்ஸில் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் கணக்கில் கொள்ளாதீர்கள். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடலாமே என்பார்கள். கிண்ணம், கரண்டி, ததும்பல் மூன்றும் சேர்ந்தால் பட்டுக்கு ஆபத்து. தவிர, காய்ச்சாத தேங்காய்ப்பால் மின்விசிறி மட்டும் ஓடுகிற புழுக்கமான அறையில் இரண்டு மணி நேரத்தில் கெடும் பக்கம் போய்விடும்.

கோவை, ஈரோடு பக்கத்தில் கல்யாணம் என்றால் தேங்காய்ச் சந்தகை சொல்லுங்கள். ஊறவைத்த புழுங்கலரிசியை அரைத்து, வேகவைத்து, சூட்டோடு பிழிவதால் பச்சரிசி மாவு இடியாப்பத்தைவிட அதிக நேரம் மிருதுவாக இருக்கும். எலுமிச்சைச் சந்தகை மட்டும் வேண்டாம். அதில் மஞ்சள்தூள் உண்டு.

மஞ்சள் கறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாம்பார் சொட்டிய இடத்தில் பதறிப்போய் யாராவது சோப்பு தேய்ப்பார்கள். மஞ்சள் சோப்பின் காரத்தோடு சேர்ந்து செக்கச்செவேலென்று மாறும். சிறிய மஞ்சள் புள்ளி பெரிய குங்குமத் தீற்றலாகிவிடும். மேலே துடைத்து எடுத்துவிட்டு, கொசுவத்தை மடித்து மறைப்பதே அந்த நேரத்துக்கு வழி. எண்ணெய்ச் சொட்டுக்கு மட்டும் கைமருந்து உண்டு. டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி, தேய்க்காமல் கால் மணி விட்டுத் தட்டினால் பெரும்பகுதி போய்விடும்.

வெண்பொங்கல்

ருசியில் இதை அடிக்க ஆளில்லை. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் அதற்குத்தான் மரியாதை. மணப்பெண் அறைக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் நெய்யும் கனமும். மூன்று மணிக்கு எழுந்தவளுக்கு நெய்ப் பொங்கல் கொடுத்தால் ஓமகுண்டத்தின் முன்னால் கண் சொருகும். ஒட்டியாணத்தை ஒரு துளை தளர்த்த வேண்டியிருக்கும். ஆறினால் நெய் உறைந்து, அரிசி இறுகி, கரண்டி நிற்கும் கட்டியாகிவிடும். கரண்டியால் சாப்பிட்டால் உதட்டுச் சாயம் போகும். நடுவில் முழு மிளகைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வந்து மையும் கலையும்.

ஆனால் ஒன்பது–பத்தரை முகூர்த்தமாக இருந்தால் கதை வேறு. மேக்கப் ஐந்தரைக்குத்தான் தொடங்கும். பொங்கல் தயாராகும் நேரத்தில் அவள் இன்னும் நைட்டியில்தான் இருப்பாள். நெய்யைப் பாதியாக்கி, மிளகை உடைத்துப் போடச் சொல்லி, ஒரு சின்னக் கிண்ணம் தாராளமாகத் தரலாம்.

சாண்ட்விச்

இப்போது பல வீடுகளில் தோழிகள் இதைத்தான் கேட்கிறார்கள். அடுப்பை நம்ப வேண்டாம், கையில் ஒட்டாது, மேக்கப் போடுகிறவர் ஒரு கையில் பிரஷ்ஷும் மறு கையில் இதுவுமாக வேலையைத் தொடரலாம். ஆனால் முதல் நாள் இரவே செய்து வைப்பது சரிவராது. வெள்ளரிக்காயும் தக்காளியும் தண்ணீர் விட்டு ரொட்டி நமத்துப்போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் ரொட்டி காய்ந்து வறட்டியாகும். புதினாச் சட்னி தடவினால் பச்சைக் கறை, ஜாம் தடவினால் சிவப்புக் கறை. உருளைக்கிழங்கு மசாலா இரவு முழுக்க வெளியே இருந்தால் புளித்துவிடும்.

செய்வதென்றால் வெண்ணெயும் சீஸ் துண்டும் மட்டும் வைத்து, காலை நாலரைக்கு அறையிலேயே செய்து, ஓரத்தை வெட்டி விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணுக்கு இது முக்கிய உணவாக வேண்டாம். உடன் இருப்பவர்களுக்குத் துணை உணவாக இருக்கட்டும்.

விரதம் இருக்கும் வீடு

சில வீடுகளில் தாலி ஏறும் வரை பெண் சாப்பிடக் கூடாது என்பார்கள். சிலர் சாதம் மட்டும் கூடாது, பலகாரம் ஆகும் என்பார்கள். வேறு சிலர் பாலும் பழமும் என்று நிறுத்திக்கொள்வார்கள். பாட்டியிடமோ அத்தையிடமோ முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு ஹாட்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்கிற வாக்குவாதம் யாருக்கும் நல்லதல்ல. பால், பழம்தான் என்றால் ஏலக்கி வாழைப்பழம் இரண்டு, கொட்டை நீக்கிய பேரீச்சை நாலைந்து, சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர். பூவன் புளிப்பு வெறும் வயிற்றில் சிலருக்கு ஆகாது. கடலை மிட்டாய் பல்லில் ஒட்டும், வேண்டாம்.

குடிக்க

வெறும் வயிற்றில் டிகிரி காபி வேண்டாம். நெஞ்செரிச்சலும் ஓமப் புகையும் சேர்ந்தால் குமட்டும். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அரை டம்ளர் போதும், அதுவும் புடவை கட்டுவதற்கு முன். இளநீர் நல்லதுதான், ஆனால் மட்டைச் சாறு துணியில் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது, அதனால் வெளியிலேயே வெட்டி டம்ளரில் ஊற்றிக் கொண்டுவரட்டும். உறிஞ்சுகுழலுக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் குழலுக்குத் தடை; காகிதக் குழல் சூடான காபியில் ஊறித் துவண்டுவிடும். ஸ்டீல் குழல் இரண்டு வாங்கி மேக்கப் பெட்டியில் போட்டுவிட்டால் தண்ணீருக்கும் இளநீருக்கும் ஆகும். சூடான பானத்துக்கு ஸ்டீல் குழல் உதட்டைச் சுடும்.

எப்போது, எவ்வளவு

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஊட்ட வேண்டிய நேரம் ஒன்றுதான்: தலை அலங்காரம் முடிந்த பிறகு, உதட்டுச் சாயத்துக்கும் புடவைக்கும் முன்னால். மடியில் ஒரு பழைய துண்டு. மேக்கப் போடுபவரிடம் “ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் வேண்டும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவரும் அதற்குத் தகுந்தபடி வேலையை அடுக்கிக்கொள்வார். பசிக்கவில்லை என்று பெண் சொல்வாள். பதற்றத்தில் அப்படித்தான் இருக்கும். பெரிய தட்டாகக் காட்டாமல் நாலு நாலு துண்டாகக் கொடுத்தால் இரண்டு, மூன்று இட்லி உள்ளே போய்விடும்.

பெண், உடனிருக்கும் ஏழு பேர், மேக்கப் போடுபவர், அவருடைய உதவியாளர் என்று பத்துப் பேருக்கு: 30 இட்லி, 20 ஏலக்கிப் பழம், கால் கிலோ பேரீச்சை, ஒரு ரொட்டி பாக்கெட், ஒன்றரை லிட்டர் பிளாஸ்கில் காபி, 10 தண்ணீர் பாட்டில். குச்சி, டிஷ்யூ, குப்பைப் பை தனியாக. மேக்கப் உதவியாளரைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவெல்லாம் பயணம் செய்து வந்திருப்பவரும் அவர்தான்.

சமையல் மாஸ்டரிடம் சொல்லும்போது “காலையில் கொஞ்சம் சீக்கிரம்” என்று சொல்லாதீர்கள், அது ஆறு மணி என்றுதான் போய்ச் சேரும். “முதல் ஈட்டில் 30 இட்லி, நாலே முக்காலுக்கு, சாம்பார் சட்னி வேண்டாம், பொடி நாங்கள் தருகிறோம்” என்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் நேரில் சொல்லி, ஹாட்பாக்ஸையும் பொடியையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கொண்டுவர ஒருவர் பெயரை முடிவு செய்யுங்கள். சித்தப்பா மகனோ மாமாவோ, நாலரைக்கு எழுந்து சமையற்கட்டு வாசலில் நிற்கிறவராக இருந்தால் சரி.