வெதரிங் செய்ய எஞ்சினை அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

புது மாடல் எஞ்சினை நிஜத்தில் உழைத்த எஞ்சின்போல அழுக்கும் துருவும் ஏற்றித் தருகிறேன் (இதைத்தான் வெதரிங் என்பார்கள்) என்று இங்கிலாந்தில் தபால் வழியே வேலை எடுக்கும் ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். வேலை மட்டம் என்பதோடு விஷயம் முடியவில்லை. எஞ்சினுக்குள் நான் வைத்திருந்த பொருளையும் எடுத்துவிட்டார். இங்கே மாடல் ரயில் ஓட்டும் தமிழர்களில் சிலர் இப்போது இதே மாதிரி ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

எஞ்சின் ஒரு கிளாஸ் 08. 1952 முதல் 1962 வரை 996 எஞ்சின்கள் கட்டப்பட்ட, பிரிட்டிஷ் ரயில்வேயின் எல்லா யார்டுகளிலும் பெட்டி தள்ளிய அந்த ஆறு சக்கர டீசல் ஷண்டர்தான். என்னுடையது ஓஓ அளவு, அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். முழு எஞ்சினும் 12 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நான் கேட்டது இதுதான்: 1970களின் நீல வண்ணம், இரண்டு முனையிலும் மஞ்சள் கறுப்புச் சாய்வுப் பட்டைகள், வேக்குவம் பிரேக்கோடு ஏர் பிரேக்கும் பொருத்தப்பட்ட எஞ்சின் என்பதால் அதற்கான கூடுதல் குழாய்கள், பிளாஸ்டிக் கைப்பிடிகளுக்குப் பதில் மெல்லிய கம்பி, ஒரு குறிப்பிட்ட எண், அப்புறம் மிதமான அழுக்கு. அந்த எண்ணுள்ள எஞ்சினின் புகைப்படங்களையும் அனுப்பினேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, எனாமல் பெயின்ட்டும் தின்னரும் தெளிக்கத் தனி இடம் கிடையாது. அதனால்தான் வெளியே கொடுத்தேன்.

அவர் காட்டிய மாதிரிப் படங்கள் அருமையாக இருந்தன. கூலி 85 பவுண்டு. ஆனால் எந்த வருடம், எந்தப் பகுதி, யார்டில் நின்றதா தொழிற்சாலைக்குள் ஓடியதா என்று ஒரு கேள்விகூட அவரிடமிருந்து வரவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். ஓர் எஞ்சின் எங்கே, எப்படி உழைத்தது என்பதுதான் அதன் அழுக்கைத் தீர்மானிக்கிறது.

08 மணிக்கு 15 மைல், மிஞ்சினால் 20 மைல் வேகத்தில் ஓடுகிற எஞ்சின். மெயின் லைன் எஞ்சின்போலத் தண்டவாளத் தூசியைப் பக்கவாட்டில் வாரி இறைத்துக்கொள்ளாது. அதன் அழுக்கு வேறு வகை. பானட்டின் மேல் புகைபோக்கியைச் சுற்றி மட்டும் கரி படியும். டீசல் ஊற்றும் இடத்துக்குக் கீழே ஈரப் பளபளப்போடு ஒரு கறை வழியும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளான கப்ளிங் ராடுகளில் எண்ணெயும் தூசியும் கலந்து கறுத்திருக்கும். ஷண்டிங் ஆட்கள் நாள் முழுக்க ஏறி இறங்குவதால் மூலைப் படிகளின் விளிம்பு தேய்ந்து உலோகம் தெரியும். கேபின் கண்ணாடியில் வைப்பர் துடைத்த இடம் மட்டும் தெளிவாக இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கைவேலை தேவை. அடிச்சட்டத்துக்கு ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி), பக்கங்களில் நீர்த்த எனாமலைப் பூசிவிட்டுத் தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மேலிருந்து கீழாக இழுத்துத் துடைப்பது, கரிக்குப் பவுடர், எண்ணெய்க் கறைக்குக் கொஞ்சம் பளபளப்பான வார்னிஷ். சரியாகச் செய்தால், மழை எந்த வழியாக வடிந்தது என்பதுகூடத் தெரியும்.

எனக்குத் திரும்பி வந்த எஞ்சினில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கூரை முதல் முனையில் இடி தாங்கும் பஃபர் வரை ஒரே பழுப்பு நிறத்தை ஏர்பிரஷால் அடித்திருந்தார். கப்ளிங் ராடை விரலால் தள்ளிப் பார்த்தால் அதன் பின்னால் ராடின் வடிவத்திலேயே பழுப்பு படாத சுத்தமான பட்டை. சக்கரத்தைச் சுழலவிடாமல் நின்ற நிலையிலேயே பெயின்ட் அடித்திருக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். துரு என்ற பெயரில் கதவுகளின் கீழே ஆரஞ்சுக் கோடுகள் போட்டிருந்தார், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 3 அங்குலம். பானட் கதவில் 3 அங்குல அகலத்துக்குத் துரு வழிந்த 08ஐ நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கைப்பிடிக் கம்பிகளைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருந்தார். ஒவ்வொரு துளையிலும் பசை முத்துமுத்தாக நின்றது. கேபினைக் கழற்றாமல் ஒட்டியதால் பசையின் ஆவி உள்ளே போய் ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டன. எண்களின் ஓரம் வெள்ளி நிறத்தில் மின்னியது. பளபளப்பில்லாத (மேட்) பரப்பின்மேல் நேரடியாக டிரான்ஸ்ஃபர் எனும் எண் ஒட்டியை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி இப்படித்தான் ஆகும். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, எண்ணை ஒட்டி, அப்புறம்தான் மேட் வார்னிஷ் அடிக்க வேண்டும். இது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதையும்விட, எண்ணே நான் கேட்ட எண் இல்லை. ஏர் பிரேக் குழாய்களை ஒரு முனையில் மட்டும் ஒட்டிவிட்டு மறுமுனையை அப்படியே விட்டிருந்தார்.

தண்டவாளத்தில் வைத்தால் ஓடவில்லை. ராடுகளும் கிராங்குகளும் வார்னிஷில் ஒட்டிக்கொண்டிருந்தன. சக்கர விளிம்பிலும் மின்சாரம் எடுக்கும் தகடுகளிலும் பெயின்ட். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, அவ்வளவுதான். சுத்தம் செய்த பிறகும், முன்பு எறும்புபோல ஊர்ந்த எஞ்சின் திணறித் திணறிப் போனது. தண்டவாளம் பிரியும் இடங்களான பாயின்டுகளில் ஒவ்வொரு முறையும் நின்றது. அப்போதுதான் மேல்பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன்.

ஷண்டர் மாடலுக்கு மெதுவாக நகர்வதுதான் உயிர். அதற்காகவே நல்ல டிகோடர் (கட்டளைக்கேற்ப மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒன்றும், கூடவே மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரும் வைத்திருந்தேன். சக்கரங்கள் நெருக்கமாக உள்ள சின்ன எஞ்சின் பாயின்டின் பிளாஸ்டிக் பகுதியைத் தாண்டும்போது அந்தக் கப்பாசிட்டர்தான் காப்பாற்றும். கப்பாசிட்டர் அங்கே இல்லை. டிகோடரும் என்னுடையது போலத் தெரியவில்லை. டிகோடரின் அமைப்புகள் சிவி எனப்படும் எண்ணிட்ட இடங்களில் பதிவாகியிருக்கும். அவற்றில் சிவி 8ஐப் படித்துப் பார்த்தேன். அதில் தயாரிப்பாளருக்கென ஒதுக்கப்பட்ட எண் இருக்கும். அனுப்பும் முன் நான் குறித்து வைத்திருந்த எண் ஒன்று, இப்போது வந்த எண் வேறு.

கேட்டதற்கு, "சோதிக்கும்போது ரீசெட் ஆகியிருக்கும்" என்று பதில் எழுதினார். ரீசெட் செய்தால் எஞ்சினை அழைக்கும் முகவரி எண்ணும் வேக அமைப்புகளும்தான் பழைய நிலைக்குப் போகும். ஒரு தயாரிப்பாளரின் டிகோடர் இன்னொருவருடையதாக மாறாது. கப்பாசிட்டர் பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை. வேலையின் தரம் பற்றிக் கேட்டால், "வெதரிங் என்பது ரசனை சார்ந்தது" என்றார். ஓடிய எஞ்சின் ஓடாமல் வந்ததில் ரசனைக்கு என்ன வேலை?

ஆரம்பத்தில் அவர் பேபால் வழியாக, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் போடச் சொன்னார். கட்டணம் மிச்சமாகும் என்றார். நான் மறுத்து, வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள முறையில்தான் கட்டினேன். அதனால் புகார் கொடுத்து 85 பவுண்டும் திரும்பக் கிடைத்தது. நண்பர்கள் முறையில் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பே கிடையாது. "நான் வியாபாரி இல்லை, பொழுதுபோக்காகச் செய்கிறேன்" என்றும் சொல்லிப் பார்த்தார். காசு வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஆர்டர் எடுப்பவர் வியாபாரிதான் என்பது என் வாதம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வியாபாரி ஒருவர் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும், இல்லையென்றால் மறுபடி செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். எஞ்சினை மறுபடி அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யாரிடமாவது கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், டிகோடரையும் கப்பாசிட்டரையும் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் எஞ்சினை மட்டும் அனுப்புங்கள். கழற்ற முடியாவிட்டால் சிவி மதிப்புகளைக் குறித்து, உள்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். எஞ்சின் ஓடுவதை ஒரு வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள், முன்பு எப்படி ஓடியது என்ற பேச்சே பிறகு எழாது. வேலை நடக்கும்போது இடையிடையே படங்கள் கேளுங்கள். எண் ஒட்டிய பிறகு ஒன்று, அழுக்கேற்றும் முன் ஒன்று. உண்மையாக வேலை செய்கிறவருக்கு அதை அனுப்புவதில் சிரமம் இருக்காது. நான் கேட்டபோது "முடிந்ததும் ஆச்சரியமாக இருக்கட்டும்" என்றுதான் பதில் வந்தது.

எஞ்சினின் இப்போதைய நிலை: பழுப்பு எனாமலைத் தின்னரும் பஞ்சுக் குச்சியுமாக ஒரு நண்பரின் கராஜில் வைத்துப் பெரும்பகுதி எடுத்துவிட்டேன். அடியில் இருந்த நீல வண்ணம் பிழைத்துக்கொண்டது. ஒரு பக்கத்துச் சாய்வுப் பட்டை மட்டும் கொஞ்சம் உரிந்துவிட்டது. ஜன்னல்களைக் காப்பாற்ற முடியவில்லை, புதிதாக வாங்கியிருக்கிறேன். டிகோடருக்கும் கப்பாசிட்டருக்குமான தொகையைக் கேட்டு, தராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று முறைப்படி கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

அவருடைய மாதிரிப் படங்களில் ஒன்றைப் பல வருடங்களுக்கு முன் எடுத்தவர் வேறொரு மாடலர். படத்தேடலில் அது தெரிந்ததும் அவருக்கு எழுதிக் கேட்டேன், அந்தப் படம் தன்னுடையதுதான் என்று உறுதி செய்தார். மழையில் நனைந்த கற்தரையின்மேல் ஒரு நீல 08, கேபின் கதவு பாதி திறந்து, படியில் ஓர் ஆள் நிற்கும் படம். அதைக் காட்டி யாராவது உங்களிடம் ஆர்டர் கேட்டால் கொடுக்காதீர்கள்.