காருக்குள் குடியிருந்த கொசு: ஆம்ப், சப்வூஃபருடன் மூன்று ஆண்டுகள்

தருமபுரியில் இருக்கும் என் மனைவியின் தம்பி பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே போன் செய்தான். "மாமா, உங்கள் வண்டியில் இருப்பதைப் போலவே ஆம்ப்பும் சப்வூஃபரும் மாட்ட வேண்டும். என்ன மாடல்?"

ஆம்ப் என்றால் ஒலியைப் பெருக்கும் பெட்டி, சப்வூஃபர் என்றால் கனத்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர். மாடல் பெயரைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அவன் கேட்ட வாரத்தில்தான் என் வண்டி காரிமங்கலத்தில் ஓர் எலெக்ட்ரீஷியனின் கொட்டகையில் பானட்டைத் திறந்தபடி நின்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். நியாயம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி சிறிய ஹேட்ச்பேக். முன் கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள். டிக்கியில் மூடிய பெட்டிக்குள் 10 அங்குல சப்வூஃபர். எல்லாவற்றையும் ஓட்ட நான்கு சேனல் ஆம்ப் ஒன்று: இரண்டு சேனல் கதவுகளுக்கு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, சப்வூஃபருக்கு. கிருஷ்ணகிரியில் எனக்குக் கடை. வாரம் ஒருமுறை சரக்கெடுக்கச் சேலம் போய் வருவேன். பாட்டுக் கேட்பதெல்லாம் அந்த வழியில்தான்.

வாங்கும்போது நான் ஏமாறவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு ஏமாந்தேன். ஆம்ப் வந்த அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1600 வாட்ஸ் என்று போட்டிருந்தது. ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்தேன். 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு செருகியிருந்தது. இன்ஜின் ஓடும்போது காரில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 40 ஆம்பியரை 14-ஆல் பெருக்கினால் உள்ளே போவதே 560 வாட்ஸ்தான். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் அதில் பாதிக்குச் சற்று மேலாக ஒலிக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, 300 வாட்ஸ் வந்தால் பெரிது. அப்படியானால் 1600 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது பீக், சார்" என்றார் கடைக்காரர், சாமி சிலையைக் காட்டுவதுபோல் அட்டையைக் காட்டி. பீக் என்றால் ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம். உள்ளே இருந்த தாளில் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ் கணக்கு, பொடி எழுத்தில் இருந்தது: சேனலுக்கு 60, பிரிட்ஜ் செய்தால் 4 ஓம்ஸ் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 180. கதவுகள் இரண்டுக்கும் 120, சப்வூஃபருக்கு 180, மொத்தம் 300. என் கணக்கோடு ஒத்துப்போனது. வாங்கினேன்.

துளை வைத்த பெட்டி எடுத்தால் சத்தம் இன்னும் அதிகமாக வரும் என்று கடையில் வற்புறுத்தினார்கள். அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு வேண்டியது ஊர்வல வண்டி அல்ல. மூடிய பெட்டியில் அடி விழுந்த இடத்திலேயே ஒலி நின்றுவிடும், பின்னால் இழுத்துக்கொண்டு வராது. அந்தத் தேர்வு சரியானது என்று இன்றைக்கும் சொல்வேன்.

கண்ணாடி அதிர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் மாட்டினேன். ஆனால் மனத்தைப் பிடித்தது ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது கிடைத்த சுகம். தவிலில் வலந்தலைப் பக்கம் விரல்கள் பொரிவது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். தொப்பி எனப்படும் இடப் பக்கம் குச்சி விழுந்து, தோல் உள்வாங்கி ஒரு 'தும்' எழுமே, அது என் பழைய ஸ்பீக்கர்களில் இருந்ததே இல்லை. இல்லை என்பதே தெரியாமல் பத்து வருடம் கேட்டிருக்கிறேன். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது என்று பலரும் சொல்லக் கேட்டுத் தலையாட்டியதுண்டு. என் காரில் முதல்முறையாகக் கேட்டபோது காவேரிப்பட்டினம் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியின் பாரம் சப்வூஃபருக்குப் போய்விட்டதால் கதவு ஸ்பீக்கர்களும் மூச்சு வாங்காமல் பாடின. குரல் அத்தனை தெளிவு.

இப்போது கொசுவுக்கு வருகிறேன்.

மாட்டிய முதல் வாரத்திலேயே அது வந்துவிட்டது. ஒரு மெல்லிய 'ஙொய்ங்'. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். பாட்டை முழுக்கக் குறைத்தாலும் அது மட்டும் குறையாது. சமதரையில் நான்காவது கியரில் போகும்போது பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது, இரண்டாவது என்று கியர் மாற்றி மாற்றி ஏற வேண்டும் அல்லவா? அங்கே என்னோடு அதுவும் மலையேறும். இன்ஜினுக்குச் சுருதிப்பெட்டி வைத்த மாதிரி. என் மனைவிக்கு அது கேட்கவே இல்லை என்பது தனிக் கொடுமை. "நீங்கள் தேடித் தேடிக் கேட்கிறீர்கள்" என்பாள்.

மாட்டிக் கொடுத்த கடைக்குப் போனேன். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிள் மட்டம் என்று சொல்லி 1,200 ரூபாய்க்கு வேறு கேபிள் போட்டார்கள். கொசு போகவில்லை. அடுத்த முறை 600 ரூபாய்க்கு ஒரு சின்ன ஃபில்டர். அதைப் போட்டதும் முனகல் பாதியானது, கூடவே பேஸும் மெலிந்தது. தவிலின் தொப்பிக்காகத்தானே இத்தனை செலவு? கழற்றி எறிந்தேன். மூன்றாவது முறை, ஸ்டீரியோவையே மாற்ற வேண்டும் என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் கொசுவோடுதான் குடித்தனம்.

போன வாரம் காரிமங்கலத்தில் நின்றது இதற்காக அல்ல. பேட்டரி விளக்கு எரிந்தது, டைனமோவில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. வேலை முடிந்து வண்டியை ஸ்டார்ட் செய்த எலெக்ட்ரீஷியன் தலையைச் சாய்த்தார். "இந்தச் சத்தம் எத்தனை நாளாக?" எனக்குக் கண்ணீர் வராத குறை. ஊரில் இன்னொருவர் காதிலும் விழுந்துவிட்டதே!

அவர் முதலில் சப்வூஃபரிடம் போகவில்லை, கதவில் காதை வைத்தார். சப்வூஃபருக்குக் கனத்த ஒலி மட்டுமே போவதால் இந்த மாதிரி முனகல் அதில் வராது, கதவுகளில்தான் வரும் என்றார். ஆம்ப்பில் ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கினார். அப்போதும் முனகல். "ஸ்டீரியோ மேல் தப்பில்லை." அடுத்து அதைத் திரும்பச் செருகிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறு முனையை ஆம்ப்பிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் திருகில் தொட்டார். பாட்டு ஓட ஓட முக்கால் வோல்ட் காட்டியது. ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாத இடம் அது.

பின் சீட்டைத் தூக்கினோம். எர்த் ஒயரை ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தார்கள், அதுவும் பெயின்ட்டின் மேலேயே. ஒயரின் முனையில் வளையம்கூடக் கிடையாது. கம்பியை முறுக்கி வாஷருக்கு அடியில் சொருகியிருந்தார்கள். பிடித்து இழுத்தால் ஆடியது. டைனமோவின் முனகல் ஆம்ப்புக்குள் நுழைந்தது இந்த வழியில்தான். அவர் உப்புத்தாளை எடுத்துக் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்தார். வெள்ளையாகத் தகடு தெரிந்தது. வளையம் வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். பத்து நிமிடம். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் சத்தம் மட்டும். இதற்குத் தனியாகக் காசு வாங்க மறுத்துவிட்டார். 1,800 ரூபாய் வாங்கியவர்களிடம் ஒரு துண்டு உப்புத்தாள் இல்லாமல் போனதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொசு போனதும் நம்பர் பிளேட் தடதடப்பது காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. அது ஒரு துண்டு ஃபோம் டேப்பில் அடங்கும். டிக்கி போனதுதான் திரும்பாது. மாங்காய் சீசனில் உறவுக்காரர்களுக்கு இரண்டு கூடை பெங்களூரா எடுத்துப்போக இடமில்லை. பெட்டிக்கும் சீட்டுக்கும் இடையே நசுங்கிய பழத்தின் வாடை ஒரு மாதம் இருந்தது.

ஆகவே மாப்பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: வாங்காதே. ஆம்ப் நல்ல ஆம்ப், சப்வூஃபர் அதைவிட நல்லது, மூன்று ஆண்டில் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. இருந்தாலும் வாங்காதே. மூன்று வாரம் வாட்ஸும் ஓம்ஸும் படித்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன், மாட்டுகிறவன் கையைப் பார்க்கவில்லை. முன் கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு நிம்மதியாக இரு என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முன்பணம் கொடுத்துவிட்டேன், மாமா. ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்."

நானும் வருகிறேன், அதுவரை சீட்டைத் தூக்க விடாதே என்று சொல்லியிருக்கிறேன். உப்புத்தாள் வாங்கி டேஷ்போர்டில் வைத்தாகிவிட்டது.