ரேழியிலிருந்து மாடிக்கு: ஐந்து வருட வைஃபை அனுபவம்

எங்கள் வீடு கும்பகோணத்தில், இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள பழைய நீள வீடு. அகலம் 18 அடிதான். நீளம் 90 அடிக்குக் கொஞ்சம் குறைவு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்பாதி தாத்தா காலத்தது, சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர். பின்பாதியை 2009-ல் இடித்து ஆர்.சி.சி. போட்டு மேலே ஓர் அறை எடுத்தோம். 2020 ஜூனில் லேப்டாப்போடு சென்னையிலிருந்து திரும்பிய எனக்கு அந்த மாடி அறைதான் ஆபீஸ்.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் வாசல் நிலைக்கு மேலே ஓட்டை போட்டு வயரை நுழைத்தார். ரேழியில் மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் பெட்டியை, அதாவது வைஃபை தரும் மெயின் ரவுட்டரை, மாட்டினார். "சார், பிளக் பாயின்ட் இங்கதானே இருக்கு" என்றார். ரேழியில் நின்று ஸ்பீடு பார்த்தோம், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு) 96 வந்தது. நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்கே தோன்றவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை செய்தது, செலவழித்தது, ஏமாந்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னலைச் சுவர் வழியாகத் தள்ளுவதற்கு நான் வாங்கியவை எல்லாம் பரணில் கிடக்கின்றன. கடைசியில் போட்ட ஒரே ஒரு கேபிள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் இரண்டு மாதம் போனில் தெரியும் கோடுகளைப் பார்த்தே காலம் போனது. கோட்டை நம்பக் கூடாது என்று புரிந்த பிறகு வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் மைனஸில் வரும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 60-க்கும் மைனஸ் 70-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் பத்து குறைந்தால் வந்துசேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். வீடியோ கால் ஒழுங்காக ஓட மைனஸ் 67-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் வீட்டில் ரேழியில் மைனஸ் 42, கூடத்தில் மைனஸ் 69, அடுக்களையில் மைனஸ் 78. மாடி அறையில் மைனஸ் 86. அங்கே பெயர் மட்டும் தெரியும், இணைப்பு நிற்காது. இதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கூடத்துத் தூணைத் தாண்டவே இல்லை. அலைநீளம் குறையக் குறையச் சுவரில் அதிகம் அடிவாங்கும் என்பதை ஒன்றரை அடிச் சுவர் உள்ள வீட்டில் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, காசு செலவில்லாததை முதலில் செய்வோம் என்று பெட்டியின் இடத்தை மாற்றினேன். ரேழியில் அதற்கு ஒரு பக்கம் மீட்டர் போர்டு, இன்னொரு பக்கம் அம்மாவின் கல்யாணச் சீர் இரும்பு பீரோ. வீட்டுக்குள் போக வேண்டிய அலையின் முகத்திலேயே தகரத்தை நிறுத்தி வைத்த மாதிரிதான். இரண்டு முனையிலும் பச்சை கனெக்டர் உள்ள 10 மீட்டர் ஃபைபர் வயரும், அதைப் பழைய வயரோடு இணைக்க ஒரு கப்ளரும் வாங்கி, பெட்டியைக் கூடத்தில் ஏழடி உயரத்துக்குக் கொண்டுபோனேன். ஃபைபரை மூலையில் சுருக்கென்று மடிக்கக் கூடாது, வளைத்துத்தான் விட வேண்டும். இதற்கே அடுக்களை மைனஸ் 66-க்கு வந்துவிட்டது. அடுக்களையில் அம்மாவுக்குச் சீரியல் ஒழுங்காக ஓடாத பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. மாடி மைனஸ் 79. பாதிக் கிணறு.

சேனல் விஷயம் அடுத்தது. ஒரே அலைவரிசைக்குள் வைஃபைகள் பிரித்துக்கொள்ளும் பாதைதான் சேனல். பொதுச்சுவர் தெரு என்பதால் கூடத்தில் நின்றால் அக்கம்பக்கத்து வைஃபை பதினான்கு தெரிந்தது. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். எங்களுடையது ஆட்டோவில் இருந்து, 1-க்கும் 6-க்கும் நடுவே 4-ல் உட்கார்ந்து இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. 11-ல் நிறுத்தி, சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 ஆக்கினேன். வேகம் கூடவில்லை, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்த திக்கல் நின்றது. இந்த இரண்டு வேலையையும் யார் கேட்டாலும் முதலில் செய்யச் சொல்வேன். நிறைய வீடுகளுக்கு இதுவே போதும்.

எனக்குப் போதவில்லை. செப்டம்பரில் 1,500 ரூபாய்க்கு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) ஒன்று வந்தது. மாடிப்படி ஆரம்பத்தில் சொருகினேன். மாடியில் கோடு முழுசாக நின்றது, ஸ்பீடு 7. அந்தக் கோடு எனக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறதே தவிர, ரிப்பீட்டருக்குக் கூடத்திலிருந்து என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லாது என்று அப்போதுதான் உறைத்தது. நான் வாங்கியது ஒரே ரேடியோ உள்ள மலிவு ரகம். ஒரு வாயால் கேட்டு அதே வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். வந்ததில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அதையும் நான் சிக்னல் நன்றாக இருந்த இடத்தில் வைக்காமல் செத்துக்கிடந்த இடத்தில் வைத்திருந்தேன். கூடத்துப் பக்கம் தள்ளி வைத்தபோது 15 வரை வந்தது. மழை நாளில் வாரம் இரண்டு முறை பிடுங்கிச் சொருக வேண்டியிருந்தது. மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அம்மா ஈரச்சுவர் என்கிறாள், இருக்கலாம்.

அப்புறம் வந்தது பவர்லைன் அடாப்டர், ஜோடி 3,800 ரூபாய். வீட்டுக் கரன்ட் வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பெட்டி. யோசனை அருமையானது. ஆனால் எங்கள் வீட்டில் த்ரீ பேஸ். மாடி அறை ஒரு பேஸில், கூடம் இன்னொரு பேஸில். ஒரே பேஸாக இருந்தால்தான் உருப்படியாகப் பேசிக்கொள்ளும் என்பதைப் பெட்டி மேல் பெரிதாகப் போட மாட்டார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு மாடி லைனை மாற்றினேன். 40 வந்தது. இரண்டு நாள் ராஜா மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மீட்டிங்கில் நான் உறைந்துபோனேன். கீழே அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார் எது ஓடினாலும் அந்த லைனில் வரும் இரைச்சலில் அடாப்டர் செத்துவிடும். "நான் மீட்டிங் போறேன், அரைக்காதே" என்று தினமும் மாடியிலிருந்து கத்துவது எத்தனை நாளைக்கு முடியும்?

2021 பிப்ரவரியில்தான் புத்தி வந்தது. கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் 35 மீட்டர் வாங்கி, கூடத்திலிருந்து முற்றத்தின் வழியே வெளியே எடுத்து, ஓட்டுக்கூரை மேலே ஓடவிட்டு மாடி ஜன்னலில் இறக்கினேன். சென்னை வீட்டில் இருந்த பழைய ரவுட்டரை அதன் முனையில் மாட்டினேன். முதல் நாள் பெரிய குழப்பம். பாதி போன்களுக்குக் கூடத்துப் பெட்டி நெட்வொர்க் முகவரி கொடுத்தது, பாதிக்கு மாடி ரவுட்டர் கொடுத்தது, யாருக்கும் இணையம் ஒழுங்காக வரவில்லை. செய்ய வேண்டியது மூன்று வேலை. மாடி ரவுட்டரில் டிஹெச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்த வேண்டும். அதன் முகவரியை மெயின் பெட்டியோடு மோதாதபடி மாற்ற வேண்டும். கேபிளை வெளி இணையத்துக்கான வான் போர்ட்டில் சொருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் சொருக வேண்டும். சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒரே பட்டனில் இது முடிந்துவிடும். என்னுடையதில் இல்லை, கையால்தான் செய்தேன். அன்று மாடியில் ஸ்பீடு 93. பேசாமல் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உள்ளே போட வேண்டிய கேபிளை வெயிலில் போட்டிருந்தேன். எட்டே மாதத்தில் மேல்தோல் வெடித்து உள்ளே இருந்த ஜோடி வயர்கள் தெரிந்தன. அக்டோபரில் ஒரு ராத்திரி இடி. பக்கத்தில் எங்கேயோதான் விழுந்தது, வீட்டில் பல்பு கூடப் போகவில்லை. காலையில் பார்த்தால் கூடத்துப் பெட்டியின் லேன் போர்ட் ஒன்றும் மாடி ரவுட்டரின் போர்ட் ஒன்றும் பேச்சு மூச்சில்லை. திறந்த வெளியில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பி இடியை நேராக வாங்க வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஃபைபரில் இந்தப் பயம் இல்லை, அது கண்ணாடி. மொட்டைமாடி வழியாக வயர் இழுக்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி எலக்ட்ரீஷியன் அண்ணன். நிலைமையைச் சொன்னேன். சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் கேட்டார்: "தம்பி, மாடிக்குக் கேபிள் டிவி எப்படிப் போச்சு?"

2009-ல் மாடி எடுத்தபோது டிவி கேபிளுக்கென்று சுவருக்குள் முக்கால் இஞ்ச் பைப் புதைத்திருக்கிறார்கள். கூடத்து டிவிக்குப் பின்னாலிருந்து நேராக மாடி அறைக்கு. ஒன்றரை வருடமாக அந்த டிவி முன்னால் உட்கார்ந்துதான் ரிப்பீட்டர் விமர்சனம் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காத அந்தக் கறுப்பு டிவி கேபிளின் நுனியில் புது கேட்6-ஐ டேப் சுற்றிக் கட்டினார். மேலே இருந்து நான் பழையதை இழுக்க, கீழே இருந்து அவர் சோப்புத் தண்ணி தடவிப் புதியதை விட்டார். இரண்டு வளைவில் மாட்டியது. முக்கால் மணி நேரம். கேபிள் 25 மீட்டர் 800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், கூலி 600. கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்கச் சொன்னார். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டு விற்கும் ரகமும் அதே நீலத் தோலில்தான் வருகிறது. விலை பாதி, வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

இது 2021 நவம்பர். அதன் பிறகு நான் வைஃபையைப் பற்றி யோசித்ததே குறைவு. யோசித்த சில தடவைகளைச் சொல்கிறேன்.

2022-ல் திட்டத்தை 200-க்கு மாற்றினோம். கூடத்தில் 200 வருகிறது, மாடியில் 94-ல் நிற்கிறது, என்ன செய்தாலும் 94. பழைய ரவுட்டர் மேல் சந்தேகப்பட்டேன், அடியில் ஸ்டிக்கரைப் பார்த்தால் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் ரகம். உண்மையில் 94 என்ற எண்ணே ஒரு துப்பு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நிஜமாகக் கைக்கு வருவது அவ்வளவுதான். நூறுக்கு இரண்டு ஜோடி வயர் போதும்; கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் சரியாக உட்கார வேண்டும். மாடி முனையில் பிரவுன் வயர் ஒன்று கனெக்டரின் பல்லைத் தொடவே இல்லை. வெட்டிவிட்டு வேறு கனெக்டர் அடித்தோம். விலை பத்து ரூபாய்க்குள்.

இன்னொன்று, போன் விடாப்பிடியாகப் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பது. இரண்டு இடத்துக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தேன். கீழிருந்து பேசிக்கொண்டே மாடி ஏறினால், தலைக்கு மேலேயே ரவுட்டர் இருந்தாலும் போன் கூடத்துச் சிக்னலை மைனஸ் 80 வரை விடாது. எப்போது தாவுவது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் இல்லை. கூடத்துப் பெட்டியின் சக்தியை ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கினேன். சிக்னலைக் கூட்டத்தான் இவ்வளவு பாடுபட்டேன், குறைத்தால்தான் சரியாகிறது என்றால் சிரிப்பு வருகிறது. ஆனால் வேலை செய்தது. இரண்டையும் வேறு வேறு சேனலிலும் வைத்தேன்.

2023 கடைசியில் பழைய ரவுட்டர் சூடேறித் தானாக அணைய ஆரம்பித்தது. வைஃபை 6 மெஷ் ஜோடி (ஒன்றோடொன்று பேசி ஒரே நெட்வொர்க்காக ஓடும் ரவுட்டர்கள்) ஒன்று வாங்கினேன், 8,000-க்குள். சும்மா பார்ப்போமே என்று முதல் வாரம் கேபிளைக் கழற்றிவிட்டு வயர் இல்லாமல் ஓட்டினேன். மாடியில் 35. கேபிளைச் சொருகியதும் 190. பெட்டி அதேதான். இதை வைத்து மெஷ் வீண் என்று சொல்ல மாட்டேன். வேளச்சேரியில் தங்கையின் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இதே மாடல் ஜோடி வயர் இல்லாமலே கொண்டாட்டமாக ஓடுகிறது. அங்கே சுவர் நாலரை இஞ்ச், எல்லாம் ஒரே தளம். என் வீட்டில் நடுவே ஒன்றரை அடிச் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் இருக்கின்றன. பெட்டி விமர்சனம் எழுதுகிற யாரும் சுவர் என்ன தடிமன் என்று சொல்வதில்லை என்பது என் நீண்ட நாள் குறை.

கரன்ட் போனாலும் இரண்டு இடத்திலும் ரவுட்டர் ஓட வேண்டும், இதை மறந்துவிடுவோம். மாடியில் இன்வெர்ட்டர் லைன் இருக்கிறது. கூடத்தில் அந்த பிளக் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மாடி ரவுட்டர் பளிச்சென்று எரியும், இணையம் மட்டும் வராது. கூடத்துப் பெட்டிக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் மினி யுபிஎஸ் ஒன்று போட்டேன். புதிதில் நாலு மணி நேரம் தாங்கியது, இப்போது ஒன்றரை மணிக்கு வந்துவிட்டது. பேட்டரி மாற்ற வேண்டும்.

இன்றைய கணக்கு: மாடி மைனஸ் 45, அடுக்களை மைனஸ் 58, திண்ணை மைனஸ் 64. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேத்தியோடு வீடியோ காலில் பேசுகிறார். கொல்லையில் கிணற்றடிக்கு மட்டும் இன்னும் வராது. பைப்பிலிருந்து உருவிய அந்தக் கறுப்பு டிவி கேபிளை அப்பா தூக்கிப் போட விடவில்லை. கிணற்றடியில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருக்கிறார்.