தடையா, டெபாசிட்டா, கோட்டாவா? மலைக்கு எது நல்லது

ட்ரெக்கிங் போறவங்களால மலை கெடுதுன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் பிளாஸ்டிக்ல போய் நிப்பாங்க. எனக்கென்னவோ அத விட காலடிதான் பெரிய தலைவலின்னு படுது. பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறும், நம்மாளுங்க பொறுமையில்லாம குறுக்க நேரா எறங்குவாங்க, நாலு பேர் எறங்குனா புல்லு சாயும், நானூறு பேர் எறங்குனா புல்லே இருக்காது, அடுத்த மழைல தண்ணி அந்தத் தடத்தையே புடிச்சு ஓடி முழங்கால் ஆழத்துக்கு அரிச்சுடும். அதுல நடக்க முடியலன்னு பக்கத்துல இன்னொரு தடம் போடுவாங்க. ஒரு எடத்துல ஒத்தையடிப் பாதை மூணா பிரிஞ்சு கெடந்துச்சு. மூணாவதுல நானும்தான் நடந்தேன், அத விடுங்க.

இதக் கட்டுப்படுத்த மூணு வழி சொல்றாங்க: தடை, டெபாசிட், அப்புறம் நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு வைக்கிற கோட்டா. மொதல்ல தடை. உத்தராகண்ட்ல 2018 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் புக்யால்ல, அதாவது அந்த உச்சில இருக்குற புல்வெளில, ராத்திரி தங்கக்கூடாதுன்னுச்சு, ஆள் எண்ணிக்கையும் 200க்கு மேல போகக்கூடாதுன்னுச்சு. அங்க ரூப்குண்ட் ஏரிக்கு ட்ரெக்கிங் போற வழில ஆலி, பேத்னின்னு ரெண்டு புக்யால், அதுக்கு மூச்சு விட நேரம் கெடச்சுது, ஒத்துக்குறேன். ஆனா ரூப்குண்டுக்குக் கெளம்புன கூட்டம் வீட்லயா உக்காந்திருக்கும்? வேற மலைக்குப் போகும். அதே உத்தராகண்ட்ல கேதார்காந்தா மலைல பனிக்காலத்துல உச்சிக்கு ஏறவே க்யூ நிக்குதுங்க. நம்மூர்லயும் 2018 மார்ச்ல குரங்கணி தீயில 20 பேருக்கு மேல செத்ததுக்கப்புறம் ட்ரெக்கிங்க நிறுத்துனாங்க, உடனே "சொல்லாம கொள்ளாம போலாம் மச்சி" கோஷ்டி கெளம்பிருச்சு. திருட்டுத்தனமா போறவன் எங்க அடுப்பு மூட்டுறான், எங்க குப்பை போடுறான்னு யாருக்குத் தெரியும்?

அடுத்தது டெபாசிட். வெள்ளியங்கிரி அடிவாரத்துல பையத் தொறந்து பாத்து பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி காசு வாங்குவாங்க, திருப்பிக் கொண்டாந்தா காசு வாபஸ். நீலகிரில 2022ல இருந்து டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டிலக் குடுத்தா திருப்பித் தர்றாங்களே, அதே கதைதான். காட்டுக்குள்ள ஒடஞ்ச பாட்டில் யானை கால்ல ஏறுறது எவ்ளோ கொடுமைன்னு யோசிச்சா இந்த 10 ரூபாய கும்பிடலாம். மலிவான வழி, வேலையும் செய்யுது. ஆனா பாட்டில் திரும்பி வரும், மிதிபட்ட புல்லு வருமா? அதுக்கு இதுல மருந்து இல்ல.

நடுவுல ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்னு ஒன்னு இருக்கு. 2025 ஏப்ரல்-ஜூன் சீசன்ல ஊட்டிக்கு சாதா நாள்ல 6000 வண்டி, வாரக்கடைசில 8000னு வரம்பு வச்சாங்க. ட்ராஃபிக்குக்கு சரி, ஆனா அது எண்ணுறது வண்டி டயர, நடக்குற கால்கள இல்ல.

கடைசியா கோட்டா. கேரளாவுல அகஸ்தியர்கூடம் மலை இதுக்கு நல்ல உதாரணம். வருசத்துல ஒரு சீசன்தான், ஒரு நாளைக்கு நூறு பேர் கணக்குதான், ஆன்லைன்ல புக்கிங் தொறந்த கொஞ்ச நேரத்துல காலியாகிடும், எனக்கு ரெண்டு வருசமா கெடைக்கல, வயித்தெரிச்சல்தான். ஆனாலும் மத்த மாசத்துல அந்தப் பாதைல இந்தக் கூட்டம் இல்ல பாருங்க, அதுதான் மேட்டர். தமிழ்நாட்ல 2024 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு'ம் இதே ரூட்தான்: 40 பாதை, ஆன்லைன் பதிவு, தீ புடிக்கிற சீசன்ல மூடிடுவாங்க, கூட வர்ற கைடு அந்த மலையடிவாரத்துப் பசங்க. இதுல எனக்கு ஒரு கொறை, ரேட்டு. கஷ்டமான ரூட்டெல்லாம் ஆயிரக்கணக்குல கேக்குறாங்க, காலேஜ் பையன் எங்க போவான்? உள்ளூர் ஸ்டூடண்ட்ஸுக்காவது கொறைக்கலாம்.

அப்டி இருந்தும் என் ஓட்டு கோட்டாவுக்குத்தான். பாட்டில் டெபாசிட்டையும் அதோட சேத்துக்கலாம், ரெண்டும் சண்டை போடாது. முழுத் தடை வேணும்னா, பாதை ரொம்ப அரிச்சுப்போன எடத்துல ரெண்டு மூணு மழைக்காலத்துக்கு மட்டும் போடட்டும்.

கைடோட போறதுல இன்னொரு வித்தியாசம் இருக்கு. போன ட்ரிப்ல எங்க குரூப்ல ஒருத்தர் வழக்கம்போல குறுக்க எறங்கப் போனாரு. கைடு தம்பி சத்தமே போடல. "அண்ணா, அந்தக் கல்ல அங்க அடுக்குனதே நான்தான், ரெண்டு நாள் ஆச்சு"ன்னான். அண்ணன் அப்டியே திரும்பி வந்து வரிசைல நின்னுட்டாரு.