குலுக்கிப் பார்ப்பதா, கவனித்துப் பார்ப்பதா?

மருத்துவக் கட்டுரைகளைக் கூடிப் படித்து அலசும் ஜர்னல் கிளப்பில் ஒரே மருந்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டுரைகள் வந்துவிட்டால், விவாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். பயிற்சி மருத்துவர் ஒருவர் இரண்டின் தலைப்பையும் பார்த்துவிட்டு, "சார், இது ஆர்.சி.டி. அது வெறும் அப்சர்வேஷனல். அதை ஓரமா வச்சிடலாம்" என்றார். "அதுல யாருக்கு மருந்து, யாருக்கு இல்லைன்னு முடிவு பண்ணது யாருப்பா?" என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டத் தொடங்கினார். நெடுநேரம் புரட்டினார்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். ஆர்.சி.டி. என்கிற சமவாய்ப்பு ஆய்வில் சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது; மருத்துவருக்கும் நோயாளிக்கும் அதில் பேச்சே இல்லை. அவதானிப்பு ஆய்வில் மருத்துவரின் கணிப்பு, நோயாளியின் பயம், வசதி, பழக்கம் எல்லாம் சேர்ந்து யார் எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுகின்றன. ஆய்வாளர் பின்னால் வந்து எண்ணிக்கொள்கிறார்.

அவதானிப்பு என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் 1840களின் வியன்னா பொது மருத்துவமனையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். எந்த வார்டில் சேர்ப்பது என்பதை நாள் முறை தீர்மானித்தது: இன்று இந்த வார்டு, நாளை அந்த வார்டு. மாணவர்களின் வார்டில் தாய்மார் மரணம் சுமார் 10%, மருத்துவச்சிகளின் வார்டில் சுமார் 4%. பிணக்கூறாய்வு மேசையிலிருந்து நேராகப் பிரசவம் பார்க்க வந்த கைகளை 1847ல் அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கழுவச் சொன்னார். 1848ல் மாணவர்கள் வார்டின் மரண விகிதம் 1.3%. யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. வலி எந்த நாளில் எடுக்கிறது என்பதே கிட்டத்தட்ட ஒரு குலுக்கலாக இருந்தது. இப்படி அமைந்துவிட்டால் அவதானிப்பு ஆய்வை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். ஆனால் அமைவது அபூர்வம்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1980ல் வெளியான கொரோனரி டிரக் ப்ராஜெக்ட்டின் ஒரு சிறு அலசல். மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் கிளோஃபைப்ரேட்டைக் கொடுத்த ஆய்வு அது. மருந்தை 80%க்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் 5 ஆண்டுக்குள் இறந்தவர்கள் 15.0%. சரியாக எடுக்காதவர்களில் 24.6%. இதோடு நிறுத்தியிருந்தால் மருந்துக் கம்பெனிக்காரர்கள் பட்டாசு வெடித்திருப்பார்கள். அடுத்த வரிசையைப் பாருங்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் 15.1%, எடுக்காதவர்களில் 28.2%. வெற்று மாத்திரையை வேளாவேளைக்கு விழுங்கியவர்களும் அதே அளவுக்குப் பிழைத்திருக்கிறார்கள்!

மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர் புகையைக் குறைத்திருப்பார், பரிசோதனைக்குத் தவறாமல் வருவார், எடுக்க முடிகிற அளவுக்கு உடம்பும் தெம்பாக இருந்திருக்கும். "அதையெல்லாம் புள்ளியியலில் சரிக்கட்டிவிடலாமே" என்பார்கள். சரிக்கட்டினார்கள். 40 காரணிகளை வைத்துக் கணக்கிட்டும் போலி மாத்திரைக் குழுவில் வித்தியாசம் 16.4%க்கும் 25.8%க்குமாக நின்றது. நாம் அளக்காத ஏதோ ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. "பல காரணிகளுக்காகச் சரிசெய்யப்பட்டது" என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 40தான் நினைவுக்கு வரும். நல்ல ட்ரையல்களில் பாதியில் மருந்தை விட்டவரையும் அவர் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே வைத்து எண்ணச் சொல்வதும் இதனால்தான்.

உடலியங்கியல் தர்க்கம் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு காஸ்ட் ஆய்வு ஒன்று போதும். மாரடைப்புக்குப் பிறகு கூடுதல் துடிப்புகள் வந்தால் ஆபத்து, ஆகவே அவற்றை அடக்கினால் உயிர் தப்பும் என்று எல்லோரும் நம்பினார்கள். என்கைனைடும் ஃபிளக்கைனைடும் துடிப்பை அழகாக அடக்கின. குலுக்கிப் பார்த்தபோது மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். ஈ.சி.ஜி. திருந்தியது, ஆள் தங்கவில்லை.

ஆர்.சி.டி. என்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற புகாரை 2020க்குப் பிறகு நான் முழுதாக ஏற்பதில்லை. கொரோனா நோயாளிகளிடம் நடந்த ரெகவரி ஆய்வு அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கி ஜூனில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவைச் சொல்லிவிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் மரணம் 41.4%லிருந்து 29.3%ஆக இறங்கியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பயன் தெரியவில்லை, அங்கே மருந்து இல்லாமல் 14.0%, மருந்தோடு 17.8% என்று எண்கள் தவறான திசையில் போயின. ஒரே மருந்து யாருக்கு, யாருக்கு வேண்டாம் என்பதை வெறும் வார்டு அனுபவத்தில் பிரித்திருக்கவே முடியாது.

இதுவரை குலுக்கலுக்கே ஓட்டுப் போட்டுவிட்டேன். இனி அதன் ஓட்டைகள்.

இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரோனோலாக்டோன் (நீர் பிரிக்கும் மாத்திரை; ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றவும் கூடும்) உயிர் காக்கும் என்று 1999ல் ரேல்ஸ் ஆய்வு காட்டியது. மரண ஆபத்து 30% குறைந்தது. அருமையான ட்ரையல். ஆனால் அதில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.5க்கு மேல் இருந்தவர்களையும் பொட்டாசியம் 5க்கு மேல் இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களுக்கும் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டுரை வெளியானதும் மருத்துவர்கள் முடிவுரையைப் படித்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார்கள். விளைவைக் காட்டியது கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஓர் அவதானிப்பு ஆய்வு. ஏ.சி.இ. தடுப்பி என்ற ரத்த அழுத்த, இதய மருந்தை எடுத்துக்கொண்டிருந்த வயதான இதய நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994ல் ஆயிரத்துக்கு 2.4, 2001ல் 11.0. அதனோடு சேர்ந்த மரணம் ஆயிரத்துக்கு 0.3லிருந்து 2.0. ட்ரையல் பொய் சொல்லவில்லை. ட்ரையலில் இருந்த நோயாளி நம் ஓ.பி. வரிசையில் நிற்கிற நோயாளி இல்லை, அவ்வளவுதான். ஆகவே ஆர்.சி.டி.யை எடுத்தால் முடிவுரைக்கு முன்னால் யாரைச் சேர்க்கவில்லை என்ற பத்தியைப் படிக்கிறேன். பலர் அதைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அபூர்வமான பாதிப்புகளிலும் குலுக்கல் கைவிட்டுவிடும். ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஆய்வில் ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றால், 3ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 300 பேரில் யாருக்கும் வரவில்லையா? உண்மையான விகிதம் நூற்றுக்கு 1 வரை இருக்கலாம். கர்ப்பிணிகள் எடுத்த தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த கொடுமையை 1961ல் வெளிக்கொண்டு வந்தவர்கள் தங்கள் கண்முன் பிறந்த குழந்தைகளைக் கவனித்த மருத்துவர்கள்.

சில கேள்விகளில் குலுக்கவே கூடாது. பச்சிளம் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாமா என்று பாதிப் பேரைக் குப்புறப் போட்டுப் பார்க்க எந்த நெறிக்குழு அனுமதிக்கும்? திடீரென இறந்த குழந்தைகளையும் உயிரோடிருக்கும் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளே அங்கே சாட்சி. 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொன்னது. அந்த ஆண்டு அந்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்த திடீர் சிசு மரணம் 2001ல் 0.56 ஆகியிருந்தது. புகையும் நுரையீரல் புற்றும் இதே கதைதான், எல்லோருக்கும் தெரிந்தது.

அப்படியானால் எது மேல்? உச்சியில் ஆர்.சி.டி., கீழே மற்றதெல்லாம் என்று ஒரு பிரமிடு வரைந்து சொல்லிக் கொடுக்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால், பயன் மிதமானதாக இருக்கும் வரை, குலுக்கல் இல்லாத சாட்சியை வைத்து நான் சீட்டு எழுத மாட்டேன். நீண்ட காலத் தீங்கு, அபூர்வப் பக்கவிளைவு, நோய் எப்படிப் போகும் என்ற கணிப்பு ஆகியவற்றுக்கு அவதானிப்புதான் முதல் கதவு. சாட்சியின் தரத்தை மதிப்பிடும் கிரேடு முறை இதைக் கொஞ்சம் நியாயமாகச் செய்கிறது: ஆர்.சி.டி. உயர் தரத்தில் தொடங்கினாலும் குறைகள் இருந்தால் இறக்குகிறார்கள். அவதானிப்பு ஆய்வு தாழ்வாகத் தொடங்கினாலும் விளைவு மிகப் பெரிதாக இருந்தால் ஏற்றுகிறார்கள்.

இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால்? ஹார்மோன் சிகிச்சையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1976ல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வு, மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு இதய நோய் சுமார் 40% குறைவு என்றது. 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்த டபிள்யூ.எச்.ஐ. (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) ஆய்வை 2002ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்: ஹார்மோன் குழுவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 7 பேருக்கு இதய நோயும் 8 பேருக்கு மார்பகப் புற்றும் கூடுதல். "பார்த்தீர்களா, அவதானிப்பு கவிழ்த்துவிட்டது" என்பதே அன்றைய தீர்ப்பு.

2008ல் நோய்ப்பரவியல் ஆய்வாளர் மிகேல் எர்னானின் குழு பழைய செவிலியர் தரவை எடுத்து, ஒரு ட்ரையலை நடத்துவதுபோல ஹார்மோன் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தது. பழைய அலசல், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களை நடுவிலிருந்து எண்ணியிருந்தது. தொடங்கிய உடனே மாரடைப்பு வந்து விலகியவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் வரவே இல்லை. புதிய கணக்கில் முதல் 2 ஆண்டுகளுக்கு ஆபத்து கூடும் போக்கு தெரிந்தது. மிச்ச இடைவெளியில் பெரும்பகுதிக்கு விளக்கம், மாதவிடாய் நின்று எத்தனை காலம் ஆனது, எத்தனை காலம் பின்தொடர்ந்தார்கள் என்பவையாக இருக்கலாம்: டபிள்யூ.எச்.ஐ. பெண்களின் சராசரி வயது 63, செவிலியர்களில் பலர் மாதவிடாய் நின்ற உடனேயே தொடங்கியவர்கள்.

இதைச் சொன்னபோது அந்தப் பயிற்சி மருத்துவர் ஓரமாக வைத்த கட்டுரையை மறுபடி எடுத்தார். "சார், இதுல எண்ண ஆரம்பிச்ச நாள் எதுன்னு போடவே இல்லையே" என்றார். அன்று அந்தக் கட்டுரை ஓரத்துக்கே போனது, இம்முறை சரியான காரணத்துக்காக.