வெள்ளவத்தையில் உடைந்த பிரேக் பைப்

இந்த முறை கொழும்பில் எயார்போர்ட், வங்கி, அடையாள அட்டை வேலை எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தன. அவற்றை விடுவோம். மாமாவின் பழைய நிசான் சனியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் வந்த கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை, இருந்ததைத் தட்டிக்கொட்டி ஓட்டியவர்களில் மாமாவும் ஒருவர். இப்போதும் விலையைக் கேட்டால் அந்தப் பக்கம் போக மனம் வராது. வீடு மெரின் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையில். கடற்காற்றில் ஜன்னல் கம்பியே கறள் பிடிக்கும் இடம் அது.

தெஹிவளையிலிருந்து வரும்போது காலி வீதியில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மாமா பிரேக்கை அமத்த, பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. அந்தக் காரில் பிரேக் ஒயில் இரண்டு தனி வழியாகப் போகும். ஒன்று உடைந்தாலும் மற்றது இரண்டு சில்லைப் பிடிக்கும். அதனால்தான் பஸ்ஸுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றோம். மெல்ல ஒரு ஒழுங்கைக்குள் ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பின் சில்லுக்குப் போகும் பைப் கறள் தின்று வெடித்து, ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கராஜ்காரர் வந்து பார்த்தார். "பைப்பை மடிச்சு அடிச்சு அடைச்சு விடுறன் ஐயா. மற்றப் பிரேக் இருக்குதானே, ஓடலாம்" என்றார். எனக்குக் கொதித்தது. நான் இருக்கும் லண்டனில் கார் மூன்று வயதானால் ஒவ்வொரு வருடமும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிப் பரிசோதனை. பிரேக் பைப்பில் கறள் கண்டால் எழுதித் தருவார்கள், மோசமென்றால் பெயில்தான். இங்கே சொந்தக் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை உண்டு. பிரேக்கைக் குனிந்து பார்க்க ஒருவரும் இல்லை. புகை கக்காமல் போய் பஸ்ஸில் மோதினால் சரியா?

அப்புறம் மாமா கிருலப்பனையில் இருக்கும் தன் பழைய பாஸுக்கு, அதாவது மெக்கானிக்குக் கோல் எடுத்தார். த்ரீவீலில் ஜாக்கும் ஒரு பையுமாக வந்து இறங்கினார் மனுசன். உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டு வேலை பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பைப்பை வளைவு குலையாமல் முழுசாகக் கழற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனார். கடைக்காரர் பழைய நட்டை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அதே புரி உள்ள நட்டும், சுருளிலிருந்து வெட்டிய இரும்புப் பைப்பும், சீல் உடைக்காத பிரேக் ஒயிலும் கொண்டுவந்து வைத்தார். லண்டனில் என்றால் கார் நம்பரைக் கணினியில் தட்டி, "இந்த மொடலுக்கு இப்போது வருவதில்லை" என்று அனுப்பியிருப்பார்கள்.

ஒழுங்கைக்குத் திரும்பி வந்து நிலத்தில் சாக்கை விரித்தார். பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து, புதியதைப் பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். இரண்டு நட்டையும் முகம் பார்த்து முதலே கோர்த்தார். முனையை விரித்த பிறகு நட் ஏறாது. பிறகு பைப்பைக் கட்டையில் இறுக்கி, முனையை இரண்டு தரம் அழுத்தினார். சேலைக் கரையை மடித்துத் தைப்பதுபோல் ஓரம் உள்ளே மடிந்து இரட்டைத் தடிப்பாக வந்தது. ஒற்றையாக விரித்தால் அந்த அழுத்தத்துக்கு வெடித்துவிடும் என்றார். முதல் முனையில் மயிர்போல ஒரு கீறல். எனக்குத் தெரியவே இல்லை. வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது மாமா பெடலில், பாஸ் சில்லடியில். "மாத்தயா, அமத்துங்க... பிடிங்க... விடுங்க." குமிழி நின்று சுத்தமான ஒயில் வரும்வரை விடவில்லை. பழைய ஒயில் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் பைப் உள்ளேயிருந்தும் கறளாகும். வெளியே உப்புக்காற்று வேறு.

பில் இல்லை, உத்தரவாதக் கடிதமும் இல்லை. "பிரச்சினை வந்தா கோல் எடுங்க" என்று நம்பர் தந்தார். அவர் கேட்ட கூலிக்கு லண்டனில் காரை ஏற்றிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கூட்டிக் கொடுத்தேன், மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

மற்றப் பைப்புகளும் அதே வயதுதான். "பிறகு பாப்பம்" என்ற மாமாவுடன் சண்டை பிடித்து, பிளேன் ஏறமுதல் எல்லாவற்றையும் மாற்றுவித்தேன். சில்லடி ரப்பர் ஹோஸ்கள்தான் மிச்சம். அதற்கும் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்கிறேன், மாமா இன்னும் மாற்றவில்லை.